ஜாவா நிரலிற் கைப்பிழை திருத்துமாறு

ஓலையேட்டில் நூல்களைப் பெயர்த்தெழுதிய முன்னையோர் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடுதல் அரிது. எகர ஒகரங்களிற் குறில் இது, நெடில் இது என்று வேற்றுமை காட்டுதலும் அவரிடத்து இல்லை. ஆயினும் அவ்வேடுகளைப் பயின்றோர் இடமும் பொருளும் நோக்கி, இஃது இன்ன சொல் எனத் தெளிந்து வாசித்தனர். இக்காலத்தும் அச்சிட்ட நூலில் ஓரெழுத்துப் பிறழ்ந்திருப்பின் நாம் அதனைக் கவனியாமலே கடந்து செல்கின்றோம். மனிதன் மனிதனுக்கு எழுதுங்கால், வாசிப்போனது அறிவு எழுதுவோனது குறையை நிரப்பிவிடுகின்றது. கணிப்பொறிக்கு எழுதுங்காலோ அவ்வுதவி சிறிதும் இல்லை. எழுதியது எதுவோ அதுவே பொருள். எழுத நினைத்தது எதுவென்று அஃது ஆராய்வதில்லை. கணிப்பொறிக் கலையிற் புகும் மாணவர் முதன்முதல் இடறுவது இவ்விடத்தேயாம்.

சென்ற பருவத்தின் தொடக்கத்தில் முதலாண்டு மாணவியொருத்தி எம்மிடம் வந்து, தான் வேறு பாடத்துக்கு மாறிக்கொள்ள விரும்புவதாகத் தெரிவித்தாள். காரணம் யாதென வினவினோம். "இருபது வரிதான் எழுதினேன், ஐயா, அதிற் பன்னிரண்டு பிழை என்று வருகின்றது. இக்கலை எனக்கு வாராது" என்றாள். அவள் எழுதிய நிரலை வாங்கிப் பார்த்தோம். பன்னிரண்டு பிழை அதில் இல்லை, ஒன்றே இருந்தது, அவ்வொன்றும் ஒரேயோர் ஒற்றெழுத்தின் குறைவு. அஃது எவ்வாறு பன்னிரண்டாயிற்று என்பதைப் பின்னர்க் கூறுவாம். கைப்பிழையை அறிவுக்குறை என்று மயங்கி, கற்கத் தகுந்த ஒரு கலையையே கைவிடத் துணியும் மாணவர் பலரை யாம் கண்டிருக்கின்றோமாதலின், அத்தகையோர் பொருட்டு இக்கட்டுரையை எழுதலானோம்.

ஜாவா என்பது அமெரிக்க நாட்டுச் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் காஸ்லிங் என்பாரும் அவர் தோழரும் 1991-ஆம் ஆண்டில் தொடங்கிய முயற்சியினின்றும் தோன்றிய மொழி. முதலில் ஓக் என்று பெயர் பெற்றிருந்த அது, 1995-ஆம் ஆண்டில் ஜாவா என்னும் பெயரோடு வெளிப்பட்டது. 2010-ஆம் ஆண்டில் அந்நிறுவனம் ஆரக்கிள் நிறுவனத்தின் உடைமையாயிற்று. இம்மொழியில் நாம் எழுதும் நிரலைக் கம்பைலர் என்னும் மொழிபெயர்ப்பி முதலில் எழுத்தெழுத்தாக வாசித்து, பைட்கோடு என்னும் வேறு வடிவாக மாற்றுகின்றது. பின்னர் மற்றொரு பொறி அப்பைட்கோட்டை எடுத்து நடத்துகின்றது. ஆகவே கைப்பிழைகள் மூவகைப்படும். கம்பைலர் கண்டுபிடிப்பன முதல்வகை. நிரலை நடத்தப் புகும்போது வெளிப்படுவன இரண்டாம் வகை. இவ்விரண்டிடத்தும் அகப்படாது ஒளிந்து நிற்பன மூன்றாம் வகை. முதல்வகையைக் கண்டே மாணவர் அஞ்சுகின்றனர். அஞ்சத்தக்கதோ மூன்றாம் வகையே என்பது எமது துணிபு.

மேற்செல்லுமுன் ஒரு குறிப்பு. ஜாவாவின் கட்டளைச்சொற்கள் உரோம எழுத்தால் எழுதப்படுவன. ஈண்டு அவற்றின் ஒலியை மட்டும் தமிழெழுத்தாற் காட்டுகின்றோம். பொறியில் எழுதுவோர் உரோம எழுத்திலேயே எழுதுதல்வேண்டும். ஆனால் நாம் இட்டுக்கொள்ளும் பெயர்களைத் தமிழெழுத்திலேயே எழுதலாம். உலக மொழிகளின் எழுத்துக்களைப் பெயர்களில் ஏற்குமாறே இம்மொழி அமைக்கப்பட்டுள்ளது.

இனி முதல்வகைப் பிழையை நோக்குவோம். கம்பைலர் ஒரு பிழையைக் கண்டால் வாளா நின்றுவிடுவதில்லை. கோப்பின் பெயர், வரியின் எண், குறையின் காரணம், குறையுள்ள வரி ஆகியவற்றை முறையே எழுதி, அவ்வரியின் கீழ் ^ என்னும் கூர்முனைக் குறியால் இடத்தையும் சுட்டுகின்றது. இஃது ஒரு கடிதம் போன்றது. மாணவரோ கடிதத்தை வாசியாது, அதன் இறுதியிலுள்ள தொகையை மட்டும் பார்த்துத் திகைக்கின்றனர். திரை மேலோடிவிடுதலால் கடைசிப் பிழையும் தொகையுமே அவர் கண்ணுக்கு எதிர்ப்படுகின்றன. மேலேறிச் சென்று முதற்பிழையை வாசிப்பவரே விரைவில் திருத்துபவர்.

மிக எளிய பிழை அரைப்புள்ளியை விடுதல். தமிழ் வாக்கியம் முற்றுப்புள்ளியால் முடிவது போல ஜாவாவின் ஏவல் அரைப்புள்ளியால் முடியும்.

சிஸ்டம்.அவுட்.பிரிண்ட்லைன்("வணக்கம்")

என்று எழுதி நிறுத்தினால், அரைப்புள்ளி எதிர்பார்க்கப்பட்டது என்று கம்பைலர் கூறி, அவ்வரியின் முடிவையே சுட்டும். ஈண்டு நோயும் மருந்தும் ஒருங்கே கூறப்பட்டன. ஆனால் எப்பொழுதும் இவ்வாறு நிகழ்வதில்லை.

சிஸ்டம்.அவுட்.பிரிண்ட்லைன்("மொத்தம் " மொத்தம்);

என்னும் வரியில், மேற்கோளுக்கும் பெயருக்கும் இடையே இருக்கவேண்டிய + குறி விடுபட்டது. கம்பைலரோ மூடும் பிறையடைப்பு வேண்டும் என்கின்றது. புதிய பதிப்புக்கள் காற்புள்ளியேனும் வேண்டும் என்று சேர்த்துக் கூறும். அச்சொல்லை நம்பி அவ்விடத்தில் அடைப்பை இட்டால் ஒரு பிழை இரண்டாகப் பெருகும். இதனால் அறியத்தக்கது யாதெனின், கம்பைலர் காட்டும் இடத்தை நம்பலாம். அது சொல்லும் மருந்தை ஆராய்ந்தே கொள்ளல்வேண்டும் என்பதாம். அஃது இவ்விடத்தில் என் வாசிப்புத் தடைப்பட்டது என்று உண்மையாகவே கூறுகின்றது. எழுதினோன் கருத்து இதுவாகலாம் என்பதோ அதன் ஊகமே.

மேற்கோட்குறியிலும் பிழை நேரும். சொற்றொடரை இரட்டைக் குறிக்குள் இடாது ஒற்றைக் குறிக்குள் இட்டால் கம்பைலர் ஏலாது. ஒற்றைக் குறி ஓரெழுத்துக்கே உரியது. கடிதம் எழுதும் மென்பொருளில் எழுதிவைத்த குறிப்பினின்றும் வரிகளை எடுத்து ஒட்டுவோர்க்கு வேறொரு துன்பம் உண்டு. அம்மென்பொருள் நேரான மேற்கோட்குறியை அழகுக்காக வளைந்த குறியாக மாற்றிவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கம்பைலருக்கோ வளைந்த குறி அயலெழுத்து. ஏலாத எழுத்து என்று அது கூறினால், அக்குறிகளை அழித்துக் கையால் மீண்டும் இடுவதே வழி.

அடுத்தது எழுத்து வேற்றுமை. உரோம எழுத்திற் பேரெழுத்தும் சிற்றெழுத்தும் ஜாவாவுக்கு வெவ்வேறாவன. ஸ்ட்ரிங் என்பது பேரெழுத்தால் தொடங்கவேண்டும். இண்ட் என்பது சிற்றெழுத்தால் தொடங்கவேண்டும். சிஸ்டம் என்பதைச் சிற்றெழுத்தால் தொடங்கினால், அப்பெயருடைய தொகுதி இல்லை என்ற விடை வரும். தொகுதி என்பது யாதென்றே அறியாத மாணவர் இவ்விடையைக் கண்டு, தாம் கல்லாத ஏதோ பெரிய பகுதி விடுபட்டதென்று கருதிக் கலங்குவர். விடுபட்டது ஒரு பேரெழுத்தே. மேலும், எல் என்னும் உரோமச் சிற்றெழுத்தும், ஐ என்னும் பேரெழுத்தும், ஒன்று என்னும் இலக்கமும் சில அச்சுருவங்களில் ஏறத்தாழ ஒரே வடிவின. பிரிண்ட்லைன் என்னும் சொல்லில் எல் இருக்கவேண்டிய இடத்தில் ஐ புகுந்துவிடின், பன்முறை பார்த்தும் காண இயலாது. அச்சொல்லை முழுதும் அழித்து மீண்டும் எழுதுதல் எளிது.

இப்பொழுது அம்மாணவியின் நிரலுக்கு வருவோம். அவள் தமிழிலேயே பெயரிட எண்ணி,

இண்ட் மதிபெண் = 0;

என்று தொடக்கத்தில் அறிவித்திருந்தாள். பகர ஒற்று விடுபட்டது. அதன்பின் பன்னிரண்டு இடங்களில் மதிப்பெண் என்று பிழையறவே எழுதியிருந்தாள். கம்பைலருக்கு முதலில் அறிவித்த பெயரே சட்டம். ஆதலால் பன்னிரண்டு இடத்தும் மதிப்பெண் என்னும் பெயர் அறியப்படவில்லை என்று முறையிட்டது. குற்றமுடைய ஒரு வரி தப்பியது. குற்றமற்ற பன்னிரண்டு இடங்கள் அகப்பட்டன. அவளோ குற்றமற்ற அவ்விடங்களையே மீண்டும் மீண்டும் வாசித்து, ஒன்றும் காணாது சலித்தாள். பெயர் அறியப்படவில்லை என்னும் விடை வருமிடத்துக் குறிக்கப்பட்ட வரியோடு நில்லாது, அப்பெயர் முதலில் அறிவிக்கப்பட்ட வரிக்குச் சென்று, இரண்டையும் எழுத்தெழுத்தாக ஒப்பிடல்வேண்டும். ஓர் ஒற்றைச் சேர்த்தவுடன் பன்னிரண்டும் ஒருங்கே மறைந்தன.

தமிழிற் பெயரிடுவோர் அறியவேண்டிய நுட்பம் இன்னொன்றும் உண்டு. மொத்தம் என்னும் சொல்லின் முதலெழுத்திலுள்ள ஒகரக் குறியைக் கணிப்பொறியில் ஒரே குறியாகவும் சேமிக்கலாம். கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஜாவாவின் இலக்கணமோ அவற்றை வெவ்வேறு பெயர்களாகவே கொள்ளும். இரண்டிடத்தும் எழுத்து ஒத்திருந்தும் பெயர் அறியப்படவில்லை என்று வருமாயின், அறிவித்த வரியினின்றும் அப்பெயரை எடுத்து மற்றை இடங்களில் ஒட்டிவிடுதல் நலம்.

நெளிவடைப்புக்களின் பிழையும் இத்தகையதே. திறந்த ஒவ்வோர் அடைப்புக்கும் மூடும் அடைப்பு ஒன்று வேண்டும். ஒன்றை மூட மறந்தால், எந்த அடைப்பு மூடப்படவில்லை என்று கம்பைலர் அறியாது. வாசித்துக்கொண்டே சென்று, கோப்பு முடிந்துவிட்டதே என்று கடைசி வரியில் நின்று கூறும். கடைசி வரியிற் குறையொன்றும் இராது. இடையில் ஒரு செய்முறையின் அடைப்பை மூடாது அடுத்த செய்முறையைத் தொடங்கினாலோ, அத்தொடக்க வரியையே பிழையென்னும். இவ்விரண்டிடத்தும் தேடவேண்டிய திசை மேல்நோக்கியதே. அடைப்புக்குள் அடங்கிய வரிகளை உள்தள்ளி எழுதும் வழக்கமுடையோர்க்கு மூடாத அடைப்பு விரைவிற் புலப்படும்.

இரண்டாம் வகைப் பிழை சிறிது நுட்பமானது. நிரல் தொடங்குமிடத்துக்கு மெயின் என்று பெயரிடுதல் விதி. அச்சொல்லின் நடுவெழுத்துக்கள் இரண்டும் இடம் மாறிவிட்டாலும் கம்பைலர் குறை கூறாது. அஃது உம்முடைய சொந்தப் பெயர்போலும் என்று அமைதியாக ஏற்றுக்கொள்ளும். நடத்தப் புகும்போதுதான் மெயின் காணப்படவில்லை என்று வெளிப்படும். பிழையைத் திருத்திய பின்னர் மீண்டும் கம்பைலரிடம் கொடாமல் நடத்துவோரும் உளர். அவர்க்குப் பழைய பைட்கோடே நடக்குமாதலின், திருத்தியும் பயனில்லை என்று மயங்குவர். திருத்தம் கோப்பிற் சேமிக்கப்பட்டதா, கம்பைலர் மீண்டும் வாசித்ததா என்னும் இரண்டையும் முதலிற் காண்க.

மூன்றாம் வகையே யாம் வற்புறுத்த விரும்புவது. தேர்ச்சிக்கு 35 மதிப்பெண் வேண்டும் என்று கொள்வோம்.

இஃப் (மதிப்பெண் >= 35);
{ சிஸ்டம்.அவுட்.பிரிண்ட்லைன்("தேர்ச்சி"); }

எல்லா வரிக்கும் அரைப்புள்ளி வேண்டும் என்று கற்ற கை, இஃப் என்னும் வரியின் இறுதியிலும் ஒன்றை இட்டுவிட்டது. அதன் பொருள், 35-க்குக் குறையாதிருந்தால் ஒன்றும் செய்யாதே என்பது. அடுத்த அடைப்பு நிபந்தனையினின்றும் விடுபட்டு எப்பொழுதும் நடைபெறும். 12 மதிப்பெண் பெற்றவனும் தேர்ச்சி. ஒன்றும் பெறாதவனும் தேர்ச்சி. கம்பைலர் பிழையென்று கூறாது, நடக்கும்போதும் தடையில்லை. மதிப்பெண் 80 என்று கொடுத்து ஒருமுறை மட்டும் சோதித்த மாணவன் தன் நிரல் செம்மையாக அமைந்ததென்றே மகிழ்வான்.

சமக்குறியும் இவ்வாறு ஏமாற்றும். இரண்டு சமக்குறி ஒப்பிடுவதற்கு; ஒன்று மதிப்பை வைப்பதற்கு. எண்களை ஒப்பிடுமிடத்து ஒன்றை மட்டும் இட்டால் வகை பொருந்தவில்லை என்று கம்பைலர் தடுத்துவிடும். ஆனால் பூலியன் என்னும் உண்மை பொய் வகைப் பெயரில்,

இஃப் (தேர்ச்சி = ட்ரூ)

என்று எழுதினால் தடையில்லை. அவ்வரி தேர்ச்சியை ஆராய்வதற்கு மாறாகத் தேர்ச்சியை வழங்கியே விடும். இஃப் (தேர்ச்சி) என்று மட்டும் எழுதப் பழகினால் இப்பிழைக்கு இடமே இல்லை. இனி, வரிசையெண்களை ஒரே அகலமாகக் காட்ட எண்ணி 10 என்பதை 010 என்று எழுதுவோர் உளர். முன்னே சுழியம் பெற்ற எண்ணை ஜாவா எட்டடிமான எண்ணாகக் கொள்ளும். 010 என்பதன் மதிப்பு 8 ஆகும். இங்கும் கம்பைலர் மௌனமே.

இவை மாணவர் பிழை, தேர்ந்தவர்க்கு நேரா என்று எண்ணற்க. 2014-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் ஆப்பிள் நிறுவனம் தன் கைப்பேசிகளுக்கும் கணிப்பொறிகளுக்கும் அவசரமாக ஒரு திருத்தம் வெளியிட்டது. இணையத்தில் மறைவாகச் செல்லும் செய்தி உரிய இடத்துக்கே செல்கின்றதா என்று ஆராயும் நிரலில், ஒரே வரி இருமுறை எழுதப்பட்டிருந்தது. அந்நிரல் சி மொழியில் அமைந்தது; இஃப் என்னும் நிபந்தனையை எழுதும் முறை அம்மொழிக்கும் ஜாவாவுக்கும் ஒன்றே. நெளிவடைப்பு இடாமையால் முதல் வரி மட்டும் நிபந்தனைக்கு உட்பட்டது. இரண்டாம் வரி எப்பொழுதும் நடைபெற்று, எஞ்சிய சோதனையைத் தாண்டிச் சென்றது. உள்தள்ளி எழுதப்பட்டிருந்தமையால் கண்ணுக்கு இரண்டும் நிபந்தனைக்குள் அடங்கியனவாகவே தோன்றின. ஆராயாத கையொப்பம் செல்லுபடியாயிற்று. ஒரு வரியின் மிகை எண்ணிறந்த மக்களின் மறைவைத் திறந்துவைத்தது. அங்கும் கம்பைலர் பிழையென்று தடுக்கவில்லை.

ஆதலால் மாணவர் கைக்கொள்ளத்தக்க சில முறைகளைச் சுருங்கக் கூறுவாம். முதலாவது, பல பிழைகள் காட்டப்படின் முதற்பிழையை மட்டும் திருத்தி, மீண்டும் கம்பைலரிடம் கொடுக்க. எஞ்சியவற்றுட் பல அதன் நிழலாகவே இருக்கும். இரண்டாவது, சுட்டிய வரியிற் குறை காணாவிடின் அதற்கு மேலுள்ள வரியை நோக்குக; பெயர்ப்பிழையாயின் அறிவித்த வரியை நோக்குக. மூன்றாவது, ஒரு முறைக்கு ஒரு திருத்தமே செய்க. அச்சத்தால் ஐந்து இடங்களை ஒருங்கே மாற்றுவோர் எது நோய், எது மருந்து என்று அறியார். நான்காவது, அடைப்பையும் மேற்கோளையும் திறக்கும்போதே மூடிவைத்துப் பின்னர் உள்ளே எழுதுக. இஃப் என்பதன்கீழ் ஒரு வரியே வரினும் நெளிவடைப்பு இடுக. ஐந்தாவது, கம்பைலருக்கு எக்ஸ்-லிண்ட் என்னும் விருப்பக் குறியைக் கொடுத்தால், இஃப் வரியிறுதி அரைப்புள்ளி போன்ற சிலவற்றை அது பிழையென்று தள்ளாவிடினும் எச்சரிக்கையாகவேனும் கூறும். அதனைக் கொடுத்தே பழகுக. ஆறாவது, கம்பைலர் ஏற்றதனோடு அமையாது, விடை முன்னரே தெரிந்த எண்களைக் கொடுத்துச் சோதிக்க. மேற்காட்டிய நிரலுக்கு 80 என்னும் எண் சோதனையாகாது; 34, 35, 36 என்னும் மூன்றுமே சோதனை.

அன்று அம்மாணவியிடம், நீ பார்த்து அஞ்சிய பன்னிரண்டும் உனக்குக் கம்பைலர் செய்த உதவி என்று கூறினோம். அவள் உடனே நம்பினாளில்லை. அவளது நிரலிலேயே இஃப் வரியின் இறுதியில் அரைப்புள்ளி ஒன்றை இட்டு நடத்திக் காட்டினோம். பிழையென்று ஒன்றும் வரவில்லை. 12 மதிப்பெண்ணுக்குத் தேர்ச்சி என்று திரையில் எழுந்தது. சற்று நேரம் அதனையே பார்த்திருந்து, "இதை யார் கண்டுபிடிப்பார், ஐயா?" என்று கேட்டாள். எழுதினவரே கண்டுபிடித்தல்வேண்டும் என்றோம். பாடம் மாறுவதற்கான விண்ணப்பத்தை அவள் பின்னர்க் கொடுக்கவில்லை.

மாணவர்காள், திரையில் எழும் பிழைச்செய்தி உம்மைப் பழிப்பதன்று. உமது கையின் சோர்வை உமக்கு மட்டும், உரிய காலத்தில், அறிவிப்பது. அதனை முதலிலிருந்து பொறுமையாக வாசியுங்கள். அது மௌனமாக இருக்கும்போதே மிக விழிப்பாயிருங்கள்.